பிராங்க்ளின் எடுத்த நாற்பத்தோரு விக்கெட்

நெய்வேலி
6.7.98

தம்பி துரைராஜுக்கு,

செல்வநாதன் எழுதுறேன். கையெழுத்தப் பாத்ததும் கிழிச்சுப் போட்டுடாதப்பா, ரெண்டு நிமிஷம் படி. பொங்கல் சமயத்துல உன்னத் தேடி சேத்தியாத்தோப்புக்கு, உங்க அக்கா வீட்டுக்கே வந்தேன். நீ உள்ள இருந்துகிட்டே இல்லன்னு சொல்லச் சொன்ன. வாசல்ல உன் செருப்பு கிடந்துச்சு. சரி, உன் கோபம் உனக்கு. நானும் பேசாமத் திரும்பிட்டேன்.

இப்ப எனக்குத் தலை போற காரியம். டவுன்ஷிப் பிளாக் லீக் ஆகஸ்ட் 9 ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்குது. டீம் லிஸ்ட் ஜூலை 31 சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகணும். அதுக்கப்புறம் ஒரு ஆளச் சேக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. பேட்டிங்குக்கு ஆள் இருக்கு. முப்பது ஓவர்ல முதல் இருபதப் போடவும் ஆள் இருக்கு. கடைசி பத்துக்குத்தான் நாதியில்ல.

ஆனந்த்ராஜுக்குத் தோள்பட்டை போச்சு, தலை சீவவே இடது கையாலதான் சீவுறான். சின்னதுரை நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா கிரவுண்டுக்கு வரான், பவுண்டரி லைன்ல நின்னமேனிக்குத் தூங்குறான். தனகோட்டி பிராக்டிஸ் மேட்ச்ல கடைசி ஓவர் போட்டான் பாரு, ஒரே ஓவர்ல எட்டு ஒய்டு. அடிக்கிறவனே பாவப்பட்டு அவன் முதுகத் தட்டிக் குடுத்துட்டுப் போனான். வாட்டர் டேங்க் பிளாக்குல வைத்திலிங்கம் நல்லாப் போடுவாரு. அவரு குவார்ட்டர்ஸையும் நம்ம லைன்ல ஒரு குவார்ட்டர்ஸையும் மியூச்சுவல்ல மாத்திக்கிட்டா அவரு நம்ம பிளாக் ஆளாயிடுவாருன்னு எல்லாம் பேசி முடிச்சேன். அவர் சம்சாரம் மாட்டேன்னுட்டாங்க. பின்னாடி அவங்க வெச்ச பலா இந்த வருஷம்தான் மொதக் காய் விட்டிருக்காம். ஒரு பலாக்காய் என் டீமைக் கவுத்துடுச்சுப்பா!

அதனால நீதான் வரணும். போன ரெண்டு வருஷம் மாதிரியே லிஸ்ட்ல பிராங்க்ளின்னு போட்டுடறேன். குவார்ட்டர்ஸ்ல குடியிருக்கிறவங்கதான் ஆடணும்ங்கிற சட்டம் நான் போட்டதில்ல. நீ வடக்குத்துக்காரன், கான்ட்ராக்ட் ஆளு, உள்ள விடமாட்டாங்க. என் மச்சான் பிராங்க்ளின் திருச்சியில படிச்சுகிட்டு இருக்கான், அவன் பேரு என் வீட்டு ரேஷன் கார்டுல சும்மாதானே கிடக்குது.

யோசிச்சு எழுது.

செல்வநாதன்

சேத்தியாத்தோப்பு
9.7.98

கேப்டன் அவர்களுக்கு,

அந்தச் செருப்பு என்னுதுதாங்க. உங்க எதிர்ல வந்து நின்னா எதுனா பேசிடுவனோன்னு பயந்துகினு உள்ள குந்தியிருந்தேன்.

போன டிசம்பர் ஃபைனல்ல கடைசி ஓவர்ல அவங்களுக்கு ஆறு ரன்னு வேணும். ரெண்டு ரன்னுதான் குடுத்தேன், ரெண்டு விக்கெட்டு எடுத்தேன். சிறந்த பந்துவீச்சாளர்னு மைக்ல கூப்புட்டாங்க, பிராங்க்ளின்னு. நானும் போயி கப்பு வாங்கினேன், சர்டிபிகேட்டு வாங்கினேன். ஸ்கூட்டர் ஸ்டாண்டுகிட்ட வந்ததும் நீங்க என் கையிலேருந்து ரெண்டையும் வாங்கிகினீங்க. “அவன் பேர்ல இருக்குப்பா, எங்க வூட்லதான் இருக்கணும்”னீங்க. ஒரு ராத்திரியாவது எங்க வூட்ல வெச்சிருந்துட்டுத் தரேன்னு கேக்க எனக்கு வாய் வரல. நீங்களும் சொல்லல. அதான் கோவம். வேற ஒண்ணும் இல்ல.

பிராங்க்ளின் மாரியே இருக்கணும்னு சிலுவைச் செயின் ஒண்ண மாட்டி உட்டீங்க. ஓடி வர்றதுக்கு முன்னாடி நெத்தி, நெஞ்சு, தோளு தொட்டுக்கினு கும்புடச் சொல்லிக் குடுத்தீங்க. இப்ப நான் இங்க வெல்டிங் பட்டறையில இருக்கேன். ராடு வெக்கறதுக்கு முன்னாடி கை தானாப் போவுது. பட்டறையில சிரிக்கறாங்க. எனக்கும் சிரிப்புதான் வருது, என்னா பண்றது.

நான் வரணும்னா நீங்க ஒண்ணு செய்யணும். புதுச்சேரிப் பக்கம் ஒரு மில்லுல கிரிக்கெட் டீமுக்கு ஆள் எடுக்கறாங்க, ஆகஸ்ட் 6. எடுத்தா மில்லுலயே பர்மனென்ட் வேலை. இருபத்தெட்டு வயசுக்குள்ள இருக்கணும். எனக்கு செப்டம்பர்ல இருபத்தெட்டு முடியுது, இத உட்டா அப்புறம் கெடையாது. எதுனா டீம்ல ஆடினதுக்கு கேப்டன் எழுதிக் குடுத்த லெட்டர் கேக்கறாங்க. துரைராஜ்னு ஒருத்தன் என்கிட்ட ரெண்டு வருசம் பந்து போட்டான்னு நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. லீக்ல எல்லாம் சொல்ல வேணாம். உங்க கையெழுத்து போதும்.

மொத வருசம் பதினேழு, ரெண்டாவது வருசம் இருபத்தி நாலு. நாப்பத்தோரு விக்கெட்டு. எல்லாம் ஞாபகம் இருக்கு எனக்கு.

துரைராஜ்

நெய்வேலி
12.7.98

தம்பி துரை,

கப்பு விஷயம் படிச்சேன். எனக்கு அன்னைக்கு அது தோணலப்பா. சத்தியமா தோணல. ஜெயிச்ச சந்தோஷத்துல இருந்தேன். தோணியிருக்கணும்.

லெட்டர்தானே, எழுதித் தரமாட்டேன்னு சொல்லல. ஆனா இப்ப வேணாம். சீசன் முடியட்டும். ஏன்னு சொல்றேன் கேளு. ரெஜினா அந்த சர்டிபிகேட்ட லேமினேட் பண்ணி ஹால்ல மாட்டியிருக்கா. பிராங்க்ளின் அதை ஜெராக்ஸ் எடுத்து மூணு வேலைக்கு அனுப்பியிருக்கான். நான் பாட்டுக்கு துரைராஜ்தான் போட்டான்னு ஊருக்கு எழுதிக் குடுத்தா என் மச்சான் கதி என்ன? என் வீட்டுல நான் சோறு திங்க முடியுமா? ரெஜினாகிட்ட ஜாடையா ஒரு வார்த்தை சொல்லிப் பாத்தேன். “என் தம்பி வாழ்க்கையில கைய வெக்காதீங்க”ன்னு ஒரே போடு. ரெண்டு நாளா முறைச்சுகிட்டுத்தான் காபி வைக்கிறா.

நீ வந்து ஆடு. டிசம்பர்ல ஃபைனல் முடிஞ்ச மறுநாள் என் கையால எழுதித் தரேன்.

நேத்து மறுபடியும் பிராக்டிஸ் மேட்ச். கடைசி பத்து ஓவர்ல தொண்ணூத்தி நாலு ரன் குடுத்தோம். தொண்ணூத்தி நாலு! நான் மிட்-ஆஃப்ல நின்னு தலைல கைய வெச்சுகிட்டேன்.

செல்வநாதன்

சேத்தியாத்தோப்பு
15.7.98

கேப்டன் அவர்களுக்கு,

எனக்கு வயசு செப்டம்பர்ல முடியுது. உங்க சீசன் டிசம்பர்ல முடியுது. நான் அத ரெண்டாவது வாட்டியா எழுதறேன்.

உங்க மச்சானுக்கு மூணு எடத்துல மனு போட முடியுது. எனக்கு ஒரே எடம். அதுவும் அவரு பேர்ல நான் போட்ட பந்துக்கு அவருக்கு மூணு எடம், எனக்கு அந்த ஒரு எடமே சந்தேகம். நல்லா இருக்குங்க நியாயம்.

அவரு சர்டிபிகேட்டு அவருகிட்டயே இருக்கட்டும். நான் அதக் கேக்கல. அவரு பேரக் கூட எழுத வேணாம். துரைராஜ் பந்து போட்டான்னு மட்டும் எழுதுங்க. அதுல பொய்யி எதுனா இருக்கா?

லெட்டர் வந்தா மறுநாளே நான் அங்க நிக்கறேன். இந்த வருசமும் பிராங்க்ளினாவே போட்டுட்டுப் போறேன், எனக்கு அது பெருசில்ல.

துரைராஜ்

நெய்வேலி
21.7.98

துரைராஜ்,

எனக்கும் கோபம் வரும்ப்பா. பேரம் பேசுறியா எங்கிட்ட? மைன்ஸ்ல மண்ணு வாரிகிட்டிருந்தவனக் கூப்பிட்டு கையில பந்தக் குடுத்தது யாரு? வெள்ளை பேன்ட் சட்டை தெச்சுக் குடுத்தது யாரு? யார்க்கர் போடக் கத்துக் குடுத்தது யாரு? நான் இல்லாட்டி நீ இன்னைக்கு அந்த மில்லு பக்கம் எட்டிப் பாப்பியா? நாலு வரி நாலு வரிங்கிற. அந்த நாலு வரியில என் மானம் போகும், ரெண்டு வருஷக் கப்பும் போகும், வீட்டுல நிம்மதி போகும்.

இன்னும் பத்து நாள்தான் இருக்கு. ஆனந்த்ராஜ் ஆட முடியாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டார். வரேன்னா வா, வரலைன்னா வரலைன்னு சொல்லு. நான் தனகோட்டியை வெச்சு நாசமாப் போறேன்.

செல்வநாதன்

சேத்தியாத்தோப்பு
24.7.98

கேப்டன் அவர்களுக்கு,

பேன்ட் சட்ட நீங்கதான் தெச்சுக் குடுத்தீங்க. மறக்கல.

யார்க்கரு நீங்க கத்துக் குடுக்கல. மைன்ஸ்ல மத்தியான சாப்பாட்டு நேரத்துல காலி கிரீஸ் டப்பாவ நட்டு வெச்சுட்டு ரப்பர் பந்தால அடிச்சிகினு இருப்பேன். மூணு வருசம் தெனமும். நான் அடிக்கறதப் பாத்துட்டுத்தான் நீங்க ஜீப்ப நிறுத்தினீங்க. அன்னிக்கு “யாருப்பா நீ, உன் பேரு என்னா”ன்னு கேட்டீங்க. நீங்க எம் பேரக் கேட்டது அந்த ஒரு வாட்டிதான்.

நான் வரல.

துரைராஜ்

நெய்வேலி
30.7.98

தம்பி துரை,

உக்காந்து நிதானமாப் படி. நான் பெரிய காரியம் ஒண்ணு பண்ணிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பிராங்க்ளின் திருச்சியிலேருந்து வந்தான். என் ஷிஃப்ட்ல வேலை பாக்குறவங்க ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. ஹால்ல சர்டிபிகேட்டப் பாத்துட்டு, “ஃபைனல்ல கடைசி ஓவர் போட்டது நீதானா தம்பி”ன்னு கேட்டாங்க. அவன் கால் மேல கால் போட்டுகிட்டு சொல்றான்: “ஆமா சார், கொஞ்சம் டென்ஷனாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஆண்டவர் பாத்துகிட்டாரு.” துரை, எனக்கு வாயில வெச்ச முறுக்கு இறங்கல. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், என் முகத்தக் கூட அவன் பாக்கல. அவனே நம்பிட்டான்! பழக்கிவிட்டது நான்தானே. எனக்கு அன்னைக்குப் பூரா மனசு ஆறல.

புதன்கிழமை லீக் மீட்டிங். எந்திரிச்சு நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் போட்டது பிராங்க்ளின் இல்ல, வடக்குத்து துரைராஜ், நாற்பத்தோரு விக்கெட்டும் அவனுதுன்னு சொன்னேன். டவுன்ஷிப்பைச் சுத்தி இவ்வளவு நல்ல பசங்க கான்ட்ராக்ட்ல கிடக்கானுங்க, சட்டத்த மாத்தி அவங்களையும் ஆட விடுங்கன்னும் சொன்னேன். செக்ரட்டரி ராமசாமி சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுகிட்டே இருந்தார். கமிட்டி முடிவு பண்ணும்னு சொன்னார். முகத்தப் பாத்தா எனக்கு நல்லதாத்தான் படுது.

நாளைக்குக் குடுக்குற லிஸ்ட்ல முதல் பேரே உன் பேருதான். ந. துரைராஜ். திருட்டுத்தனம் இல்லாம, உன் பேர்லயே கடைசி ஓவர் போடப் போற. நீ கேட்ட லெட்டர் எதுக்கு இனிமே? வெறும் செல்வநாதன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? லீக் செக்ரட்டரியே சீல் போட்டுத் தருவார். அதை வாங்கி அனுப்புறேன்.

ரெஜினா பேசுறதில்ல. பிராங்க்ளின் அன்னைக்கே பஸ் ஏறிட்டான். பரவாயில்ல. ரொம்ப நாளைக்கு அப்புறம் நேத்துதான் நிம்மதியாத் தூங்கினேன்.

உன் அண்ணன்
செல்வநாதன்

சேத்தியாத்தோப்பு
7.8.98

அண்ணே,

உங்க லெட்டரு எனக்கு 3ஆம் தேதிதான் வந்துச்சு. ரெண்டு வாட்டி படிச்சேன். அந்தக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு எம் பேரச் சொன்னீங்கன்னு படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. பொய்யி சொல்லல.

ஆனா எனக்கு பயமா இருக்குண்ணே. லீக்ல சொல்ல வேணாம்னு மொத லெட்டருலயே எழுதினனே. அவங்க உங்க கூட உக்காந்து டீ குடிக்கறவங்க. என்ன அவங்களுக்கு யாருன்னே தெரியாது. செய்யறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம். பஸ்ஸு ஏறினா முக்கால் மணி நேரந்தான.

நேத்து வெறுங்கையோடதான் மில்லுக்குப் போனேன். நாப்பது பேரு வந்திருந்தாங்க. ஒத்த ஸ்டம்ப நட்டு ஆறு பந்து போடச் சொன்னாங்க. மூணு பந்து ஸ்டம்புல பட்டுச்சு, ஒண்ணு உரசிகினு போச்சு. டீம பாத்துக்கறவரு கிட்ட வந்து தோளுல கைய வெச்சு, “உன் பேர் என்னப்பா”ன்னு கேட்டாரு. துரைராஜ்னேன். கிரவுண்டுல நின்னு அந்தப் பேரச் சொன்னது அதாண்ணே மொத வாட்டி. கூச்சமா இருந்துச்சு.

பேப்பர் இருந்தா இன்னிக்கே எடுத்துக்குவேன்னாரு. 14ஆம் தேதி வரைக்கும் டயம் குடுத்திருக்காரு. இனிமே எதையும் யோசிக்காதீங்க. சீலு வேணாம், செக்ரட்டரி வேணாம். ஒரு வெள்ளத் தாள எடுங்க. நாலு வரி எழுதுங்க. உடனே அனுப்புங்கண்ணே, கைய புடிச்சி கேட்டுக்கறேன்.

துரைராஜ்

நெய்வேலி
10.8.98

தம்பி துரை,

எப்படி எழுதுறதுன்னு தெரியல. மூணு தாள் கிழிச்சுப் போட்டுட்டேன்.

கமிட்டி முடிவு வந்துடுச்சு. ரெண்டு வருஷமும் நம்ம டீம் ஆடின மேட்ச் எல்லாம் ரத்து. ரெண்டு வருஷக் கப்பையும் திருப்பிக் குடுத்துட்டேன். பிராங்க்ளின் சர்டிபிகேட் செல்லாது. எனக்கு இந்த சீசன் கேப்டன் பதவி கிடையாது, ஆனா ஆடலாம். நானா வந்து ஒத்துக்கிட்டதால எனக்கு தண்டனையக் கொறச்சுட்டாங்களாம்.

உனக்கு அஞ்சு வருஷம் தடை போட்டிருக்காங்க. ஆள்மாறாட்டம் பண்ணிட்டியாம். இந்த லீக்ல மட்டும் இல்ல, மாவட்டத்துல எல்லா கிளப்புக்கும் காப்பி அனுப்பியிருக்காங்க. நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டியாச்சு. நான் சண்டை போட்டேன் துரை. வரச் சொன்னது நான், பேர் மாத்தினது நான், செயின் மாட்டினது நான், அவன் என்ன பண்ணுவான்னு கத்தினேன். ராமசாமி சார் நிதானமாச் சொல்றார்: “நீங்க நம்ம ஆளு செல்வநாதன். வெளி ஆளு ஒருத்தன் உள்ள வந்து ஆடியிருக்கான், அதை விட முடியுமா?”

நீ கேட்ட லெட்டர அன்னைக்கே எழுதியிருந்தா இது எதுவும் வந்திருக்காது. எனக்குத் தெரியும். இப்பவும் எழுதி இதோட வெச்சிருக்கேன். ஆனா கமிட்டி தண்டிச்ச கேப்டன் கையெழுத்த யாரு மதிப்பா? மில்லுக்காரங்க ஒரு போன் போட்டு லீக்ல விசாரிச்சா தீந்தது. அந்த நோட்டீஸ்ல உனக்குன்னு சீல் போட்டு ஒரு காப்பி குடுத்தாங்க, உங்கிட்ட சேக்கச் சொல்லி. அதையும் வெச்சிருக்கேன். வெக்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன். உனக்குத் தெரியாம மறைக்கிறது இன்னொரு பாவமாத் தோணுச்சு.

உண்மையச் சொல்லிடறேன். அன்னைக்கு மீட்டிங்ல நான் எந்திரிச்சது உனக்காக மட்டும் இல்ல. கடைசி பத்து ஓவருக்கு நீ வேணும்னு என் மனசு கணக்குப் போட்டுகிட்டே இருந்துச்சு. நேத்து மொத மேட்ச். தோத்துட்டோம். எனக்கு அது வலிக்கல.

என்ன திட்டியாவது ஒரு லெட்டர் போடு.

செல்வநாதன்

வடக்குத்து
17.8.98

அண்ணே,

அம்மாவப் பாக்க வடக்குத்துக்கு வந்திருக்கேன். நீங்க இருக்கற எடத்துக்கு சைக்கிள்ல வரலாம். வர மனசு இல்ல, அதான் எழுதறேன்.

13ஆம் தேதி மில்லுக்குப் போனேன். உங்க லெட்டரு, லீக்கு நோட்டீசு, ரெண்டையும் எடுத்துகினு போனேன். பஸ்ஸுல நோட்டீசப் படிச்சிகினே போனேன். “வடக்குத்து நல்லசாமி மகன் துரைராஜ் என்பவர், பிராங்க்ளின் என்ற பெயரில் இரண்டு பருவங்கள் பந்துவீசி நாற்பத்தோரு விக்கெட்டுகளை எடுத்தது உறுதி செய்யப்பட்டது”ன்னு போட்டிருக்காங்க. உறுதி செய்யப்பட்டதுன்னு, சீலோட. ரெண்டு வருசமா நான் ஏங்கிகினு இருந்தது இந்த ஒரு வரிதாண்ணே. அதுக்குக் கீழதான் தடை.

அந்த ஆளுகிட்ட உங்க லெட்டரக் குடுக்கல. நோட்டீசத்தான் குடுத்தேன். மறைச்சு சேந்துட்டு நாளைக்கு இன்னொரு வாட்டி எவனாவது கையிலேருந்து புடுங்கிகினு போறத நான் பாக்க முடியாது. அவரு முழுசாப் படிச்சாரு. “இதுல இருக்கறதெல்லாம் உண்மையா”ன்னாரு. எல்லாம் உண்மைன்னேன். “நாப்பத்தோரு விக்கெட்டா”ன்னாரு. ஆமாங்கன்னேன். தாள மடிச்சாரு. “எனக்கு நீ வேணும்ப்பா. ஆனா இந்தத் தாள நான் மேல கொண்டு போவ முடியாது”ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. குடிச்சிட்டு வந்துட்டேன்.

உங்களத் திட்டறதுக்கு எனக்கு தெம்பு இல்லண்ணே. நீங்க கெட்டவரு இல்ல. அந்த நாலு வரிய மட்டும் எழுதல.

வூட்டுக்கு வந்து சட்டயக் கழட்டினப்ப நோட்டீசு கீழ வுழுந்துடுச்சு. அம்மா எடுத்துப் பாத்தாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். சீலத் தடவிப் பாத்துட்டு, “உம் பேரு போட்டிருக்காடா?”ன்னு கேட்டாங்க. போட்டிருக்கும்மான்னேன். கையக் கழுவிட்டு வந்து மூலைக்கு மூலை மஞ்சத் தடவி, சாமி படத்துக்கு முன்னாடி வெச்சாங்க. பக்கத்து வூட்டுக்காரங்களக் கூட்டிகினு வந்து காட்டினாங்க.

துரைராஜ்